மீட்டர் யார் சட்டையில் இருக்கிறது?

காகித ஆலைக்குள் அளக்கப்படாத பொருள் என்று எதுவும் இல்லை. கூழின் கெட்டி, காஸ்டிக் சோடாவின் வீரியம், பாய்லருக்குள் போகும் கருந்திரவத்தின் அடர்த்தி, வெளுப்பானின் அளவு, வெளியேறும் நீரின் அமிலத்தன்மை என ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி உண்டு, ஒரு குறிப்பேடு உண்டு, ஷிப்டுக்கு இத்தனை முறை பார்க்க வேண்டும் என்ற கணக்கும் உண்டு. ஆனால் ஆலையை நிறுத்திப் பராமரிப்பு வேலை நடக்கும் நாட்களில் கழிவுத் தொட்டிக்குள் இறங்குகிறாரே கான்ட்ராக்ட் ஆள், அவர் சட்டையில் வாயு அளக்கும் மீட்டர் இருக்கிறதா? நாம் இன்று கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

நம் மாவட்டத்துக்குக் காகிதம் புதிதல்ல. தமிழ்நாடு அரசு 1979-இல் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், புகளூரை அடுத்த காகிதபுரத்தில் 1984 முதல் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் செய்கிறது. மணப்பாறை அருகே மொண்டிப்பட்டியில் அதன் அட்டை ஆலை இருக்கிறது. காவிரியின் மேல்பக்கம் பள்ளிபாளையத்தில் 1960-களிலிருந்து இன்னொரு பெரிய ஆலை ஓடுகிறது. இவை தவிர, பழைய காகிதத்தை அரைத்து அட்டையும் தாளும் செய்யும் சிறு ஆலைகள் மாநிலம் முழுக்க இருக்கின்றன. இவற்றில் எந்த ஒன்றையும் குற்றஞ்சாட்ட நாம் இதை எழுதவில்லை. காகிதத் தொழில் முழுவதிலும் எது அளக்கப்படுகிறது, யார் அளக்கப்படாமல் விடப்படுகிறார் என்பதே நம் பேச்சு.

கரும்பு வெட்டும் கைகளில் பெரும்பங்கு நம் சேரிகளின் கைகள். வெட்டிய கரும்பின் சக்கை கூழாகி, கூழ் தாளாகி, தாள் புத்தகமும் நோட்டுமாகி நம் பிள்ளைகளின் பைக்குள்ளேயே திரும்ப வருகிறது. இந்தச் சுற்றில் தொடக்கத்திலும் நாம் இருக்கிறோம், முடிவிலும் இருக்கிறோம். நடுவில் ஆலைக்குள் நாம் எங்கே நிற்கிறோம்? ஆய்வகத்தில் குடுவை பிடிக்கும் இடத்திலா, தொட்டியின் அடியில் சேறு வழிக்கும் இடத்திலா?

இயந்திரத்துக்குக் கிடைக்கும் கவனிப்பு

மாணவர்களுக்காகச் சற்று விளக்கமாகவே சொல்வோம். மரத்துண்டையோ சக்கையையோ கூழாக்க வேண்டுமானால் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் லிக்னின் என்ற பொருளைக் கரைத்து வெளியேற்ற வேண்டும். அதற்குப் பெரும்பாலான பெரிய ஆலைகள் காஸ்டிக் சோடாவையும் சோடியம் சல்பைடையும் சேர்த்து, அழுத்தத்தில் ஏறத்தாழ 160 முதல் 170 டிகிரி செல்சியஸ் வரை வேகவைக்கின்றன. காரம் குறைந்தால் கூழ் வேகாது. கூடினால் நாரே அறுந்துபோகும். ஆகவே ஒவ்வொரு வேக்காட்டுக்கும் காரத்தின் வீரியம் அளக்கப்படுகிறது.

வெந்த கூழில் லிக்னின் இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதற்கு ‘கப்பா எண்’ என்ற அளவு உண்டு. பள்ளி ஆய்வகத்தில் நாம் பார்த்த ஊதா நிற பொட்டாசியம் பெர்மாங்கனேட்தான் அதற்கும் பயன்படுகிறது. கூழ் எவ்வளவு பெர்மாங்கனேட்டைத் தின்கிறதோ அவ்வளவு லிக்னின் அதில் மிச்சம். கப்பா எண் 20 என்றால் லிக்னின் ஏறத்தாழ 3 விழுக்காடு. பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படித்த பிள்ளை எவரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை இது.

கூழைக் கழுவி எடுத்த கருந்திரவத்தைச் சுண்டவைத்துப் பாய்லரில் எரிக்கிறார்கள். அந்தத் திரவம் அதிகம் நீர்த்திருந்தால் பாய்லருக்குள் உருகிக் கிடக்கும் உப்பில் தண்ணீர் பட்டு வெடிக்கும். அதனால் அதன் அடர்த்தியை ஒரு கருவி நொடிக்கு நொடி பார்த்துக்கொண்டே இருக்கும். அளவு குறைந்தால் திரவம் தானாகத் திருப்பிவிடப்படும். பல நூறு கோடி ரூபாய் பாய்லர் அது. அதைக் காக்க மனிதனின் கண்ணையும் கையையும் மட்டும் நம்புவதில்லை. இயந்திரத்தைக் காக்க இத்தனை அக்கறை தேவைதான். இதில் பாதி அக்கறையையாவது தொட்டிக்குள் இறங்கும் மனிதனின் மூச்சுக்கும் கேட்கிறோம்.

மூக்கை நம்பினால் சாவு

ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களில் அழுகிய முட்டை நாற்றம் என்று சொல்வார்களே, அதில் முக்கியமானது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. கந்தகம் சேர்த்து வேகவைக்கும் ஆலையில் அது வருவது இயல்பு. கந்தகமே சேர்க்காத சிறு ஆலையிலும் அது வரும். கூழ்க்கழிவு காற்றில்லாமல் தொட்டியில் தேங்கினால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் சல்பேட்டை உடைத்து இதே வாயுவை உண்டாக்கும். சாக்கடையிலும் மலக்குழியிலும் நம் மக்களைக் கொல்வதும் இதே வாயுதான்.

இதன் சூழ்ச்சி என்னவென்றால், மிகக் குறைந்த அளவில் மூக்கைத் துளைக்கும். கொல்லும் அளவுக்குப் போகும்போது நாற்றமே தெரியாது. காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 100 பங்கு என்ற அளவை நெருங்கும்போது முகரும் நரம்பு மரத்துப்போகிறது. “நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்” என்று சொல்லும் நேரமே ஆபத்தான நேரம். 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம். 700-க்கும் 1000-க்கும் இடையில் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டம் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருந்த உச்ச அளவு வெறும் 10. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. பள்ளத்தில் தங்கும். மேலே நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது, அடியில் குனிபவருக்குத்தான் எமன்.

இன்னொரு கணக்கும் உண்டு. சல்பைடு கலந்த நீர் காரத்தன்மையோடு இருக்கும்வரை வாயு நீருக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். பி.எச். 9 இருந்தால் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான் வாயு வடிவில் இருக்கும். பி.எச். 7-க்கு இறங்கினால் பாதி வாயுவாகிவிடும். 5-க்கு இறங்கினால் கிட்டத்தட்ட முழுவதும். காரக் கழிவு ஓடும் வாய்க்காலில் யாரோ அமிலக் கழிவைத் திறந்துவிட்டால் போதும், அடுத்த மேன்ஹோலில் சாவு எழும்பும். ஆகவே கழிவுநீரின் பி.எச். எண் ஆற்றுக்கு மட்டும் உரிய எண் அல்ல, வாய்க்கால் ஓரம் வேலை செய்யும் ஆளின் உயிருக்கும் உரிய எண்.

இது கற்பனை அல்ல. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நஹியோலா என்ற இடத்திலுள்ள காகித ஆலையில் 2002 ஜனவரி 16 அன்று இப்படித்தான் நடந்தது. லாரிகளிலிருந்து சிந்திய சோடியம் ஹைட்ரோசல்பைடு ஒரு குழியில் சேர்ந்திருந்தது. அதை அமிலக் கழிவு ஓடும் சாக்கடைக்குள் வடியவிட்டார்கள். இரண்டும் கலந்து எழுந்த வாயு, மேன்ஹோல் மூடியின் இடுக்கு வழியாக வெளியே கசிந்தது. இரண்டு பேர் செத்தார்கள், எட்டுப் பேர் பாதிக்கப்பட்டார்கள். செத்த இருவரும் ஆலையின் நிரந்தரத் தொழிலாளர்கள் அல்ல, கட்டுமான வேலைக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். அமெரிக்காவில்கூடச் சாவு கான்ட்ராக்ட் ஆளைத் தேடித்தான் வந்தது.

நம் நாட்டில் 2020 மே மாதம், சத்தீஸ்கர் மாநிலம் ராய்கர் மாவட்டத்தில் ஊரடங்கால் மூடிக்கிடந்த ஒரு காகித ஆலையைத் திரும்பத் திறக்கத் தொட்டியைச் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி ஏழு தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே வாரம் விசாகப்பட்டினத்தில் நடந்த பெரிய வாயுக்கசிவின் செய்தியில் அது மறைந்துபோனது.

சாதி எங்கே வருகிறது?

“எல்லாவற்றிலும் சாதியைத் தேடுகிறீர்களே, வாயுவுக்குச் சாதி தெரியுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. வாயுவுக்குத் தெரியாது. ஆனால் யாரைத் தொட்டிக்குள் இறக்குவது என்று முடிவு செய்பவருக்குத் தெரிகிறது. ஒன்றிய அரசு 2024-இல் வெளியிட்ட விவரப்படி, சாக்கடை, மலக்குழித் தூய்மைப் பணியில் இருப்போரில் விவரம் சேகரிக்கப்பட்ட சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் நாம் 2011 கணக்குப்படி 20 விழுக்காடு. அபாயமான குழியில் மட்டும் நம் பங்கு எப்படி இவ்வளவு பெருகுகிறது?

ஆலைக் கழிவுத் தொட்டியில் இறங்குவோரின் சாதிக் கணக்கை எவரும் எடுப்பதில்லை. ஆனால் வழக்கம் என்னவென்று ஊருக்குத் தெரியும். தொட்டி வேலை என்றால் மேஸ்திரி நேரே காலனிக்குத்தான் ஆள் கேட்டு வருவார். ஆய்வக வேலை என்றால் விளம்பரமும் தேர்வும் நேர்காணலும் உண்டு. அரசு நிறுவனத்தின் நிரந்தர வேலைக்கு இடஒதுக்கீடு உண்டு. கான்ட்ராக்டர் வழியாக வரும் வேலைக்கு அது கிடையாது. அப்படியும் அந்த வேலையில் நம் ஆட்கள் குறைந்ததே இல்லை. கேட்காமலே கிடைக்கும் ஒதுக்கீடு அது ஒன்றுதான்.

நவீனத் தொழிற்சாலை வந்தால் குலத்தொழில் ஒழியும் என்று நம் முன்னோர் நம்பினார்கள். ஓரளவு ஒழிந்தது உண்மை. பண்ணையை விட்டு ஆலைக்குப் போன தலைமுறை தலைநிமிர்ந்தது. ஆனால் சுத்தம் என்றும் அசுத்தம் என்றும் பிரித்த பழைய கோடு ஆலைக்குள்ளும் நுழைந்துவிட்டது. அளக்கிறவர் ஒரு பக்கம், இறங்குகிறவர் மறுபக்கம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு தெளிவாக இருந்தது. ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் எதிலும், தகுதியுள்ள ஒருவர் சோதித்து, வாயு இல்லை என்று எழுத்தில் சான்று தரும்வரை எவரும் இறங்கக் கூடாது. இல்லையேல் மூச்சுக் கருவியும், வெளியே ஒருவர் கையில் பிடித்திருக்கும் கயிற்றோடு கூடிய இடுப்புப் பட்டையும் வேண்டும். 1984 போபால் பேரழிவுக்குப் பிறகு 1987-இல் சேர்க்கப்பட்ட பிரிவுகள் இன்னும் முன்னே போயின. ஆலையில் என்ன ரசாயனம், என்ன ஆபத்து என்பதைத் தொழிலாளருக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் சொல்லியாக வேண்டும். பாதுகாப்புக் குழுவில் தொழிலாளருக்குச் சம இடம் வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று பட்டால் அதைச் சுட்டிக்காட்டத் தொழிலாளருக்கு உரிமை உண்டு. இந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2020-இல் நிறைவேறிய புதிய சட்டத் தொகுப்பு 2025-இல் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறலாம், உரிமையின் உயிர் போகக் கூடாது. விதிகள் வகுக்கும் மாநில அரசு இதைக் கவனிக்க வேண்டும்.

மலக்குழிச் சாவுகளுக்கு 2014-இல் 10 லட்சம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அந்தத் தீர்ப்புகள் நீண்ட போராட்டத்தின் பலன். ஆனால் ஆலைக் கழிவுத் தொட்டியில் அதே வாயுவால் அதே சாதிக்காரர் செத்தால், ‘தொழிற்சாலை விபத்து’ என்ற வேறு பெட்டியில் போட்டுவிடுவது எளிது. வாயு ஒன்று, வேலை ஒன்று, செத்தவர் தெரு ஒன்று. இழப்பீடும் ஒன்றாக இருக்க வேண்டும், கணக்கும் ஒரே ஏட்டில் ஏற வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைப் பார்த்தார். வேலை நேரத்தைக் குறைக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் அந்தக் காலத்தில்தான் வந்தது. தொழிலாளியின் உடம்பு அரசு கணக்கில் வர வேண்டிய ஒன்று என்பதே அதன் பொருள். நாம் கேட்பது அதன் தொடர்ச்சி.

“மீட்டர் விலை அதிகம், கான்ட்ராக்டரால் முடியாது” என்பார்கள். ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரிவாயு ஆகிய நான்கையும் ஒன்றாக அளக்கும் கைக்கருவி ஒரு சட்டைப்பையில் அடங்கும். ஒரு சாவுக்குத் தரும் இழப்பீட்டோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை. “அது கான்ட்ராக்டரின் பொறுப்பு” என்பார்கள். தொட்டி ஆலையுடையது, கழிவு ஆலையுடையது, ஆபத்து மட்டும் எப்படிக் கான்ட்ராக்டருடையதாகும்? “இப்படிப் பேசினால் இருக்கிற கூலியும் போகும்” என்று நம் வீட்டுப் பெரியவர்களே அஞ்சுவது நமக்குப் புரிகிறது. அந்த அச்சத்தை ஒரு தனி ஆளால் சுமக்க முடியாது. அதனால்தான் சங்கமாகவும் ஊராகவும் கேட்க வேண்டும் என்கிறோம்.

எண்கள் ஊருக்கு வரட்டும்

அளவு என்பது தொட்டியோடு முடிவதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதிக மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்களை அடையாளம் கண்டு, கழிவையும் புகையையும் இடைவிடாமல் அளந்து இணையம் வழி அனுப்பும் கருவிகளைப் பொருத்த 2014-இல் உத்தரவிட்டது. அந்தப் பட்டியலில் கூழ், காகிதத் தொழிலும் உண்டு. ஆகவே கழிவுநீரின் பி.எச்., அதில் கலந்திருக்கும் திடப்பொருள், ஆக்சிஜனைத் தின்னும் கழிவின் அளவு எல்லாம் வாரியத்தின் கணினிக்குப் போய்ச் சேர்கின்றன. வாய்க்கால் கரையில் குடியிருக்கும் காலனிக்கு மட்டும் அவை வந்து சேர்வதில்லை. ஆபத்தான கழிவு உண்டாகும் ஆலைகள் தங்கள் ரசாயன, கழிவு விவரங்களை வாசலில் பலகை வைத்துக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லியிருக்கிறது. அந்தப் பலகை தமிழில் இருக்கிறதா, தேதி புதியதா என்று நாம் போய்ப் பார்த்தோமா?

1927-இல் மகாட் குளத்தில் அம்பேத்கர் கை வைத்தது தண்ணீரைத் தொடும் உரிமைக்காக. இன்று அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று அறியும் உரிமையும் நமக்கு வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறோம்.

தொட்டி வேலைக்குப் போகும் தம்பிகளே, அண்ணன்களே! தீக்குச்சி கொளுத்தியோ விளக்கை இறக்கியோ பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். விளக்கு ஆக்சிஜன் இருக்கிறதா என்பதை மட்டும்தான் காட்டும், விஷவாயுவைக் காட்டாது. எரியும் வாயு இருந்தால் அதுவே வெடிக்கவும் வைக்கும். மேல், நடு, அடி என்று மூன்று ஆழத்திலும் மீட்டரை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் இறங்காதீர்கள். சேற்றைக் கிளறும்போதுதான் அடங்கிக் கிடந்த வாயு எழும். ஆகவே வேலை முடியும்வரை மீட்டர் உடம்போடு இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் பதறிப் பின்னால் குதிக்காதீர்கள். ஒருவரைக் காக்க இறங்கி இரண்டாமவரும் மூன்றாமவரும் சாவதைத்தான் செய்தித்தாளில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். கயிறும் பட்டையும் மூச்சுக் கருவியும் இல்லாத இடத்தில் முதல் ஆளே இறங்கக் கூடாது.

மாணவர்களே! ஐ.டி.ஐ.யில் ரசாயன ஆலை இயக்குபவர், ரசாயன ஆலை ஆய்வக உதவியாளர் ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. அந்த இடங்கள் நிரம்புகின்றனவா என்று கேளுங்கள், விண்ணப்பியுங்கள். தொட்டிக்குள் இறங்கிய தந்தையின் பிள்ளை அந்தத் தொட்டிக்குச் சான்று தரும் இடத்தில் உட்கார வேண்டும். அந்தக் கையெழுத்து நம் கையெழுத்தாக இருக்கும் நாளில் இறங்கும் ஆளின் உயிருக்கு மதிப்பு தானாகக் கூடும்.

ஊர்க்காரர்களே! நம் மாநிலத்தில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்றைய சபையில் அருகிலுள்ள ஆலைக் கழிவுநீரின் அளவுகளை ஊராட்சிப் பலகையில் எழுதக் கோரித் தீர்மானம் போடுங்கள். மே 1 தொழிலாளர் நாள். அன்றைய சபையில் வாயுச் சோதனைச் சான்று இல்லாமல் நம் ஊர் ஆட்கள் எந்தத் தொட்டியிலும் இறங்க மாட்டார்கள் என்று தீர்மானம் போடுங்கள். பதில் வரவில்லையென்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.

மாவட்ட நிர்வாகத்திடமும் தொழிற்சாலை ஆய்வுத் துறையிடமும் நம் கோரிக்கை மூன்றுதான். ஆலைக் கழிவுத் தொட்டியில் இறங்கும் ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளியின் பெயரும் சோதனைச் சான்றின் எண்ணோடு பதிவேட்டில் ஏற வேண்டும். மீட்டரும் மூச்சுக் கருவியும் தருவது ஆலை நிர்வாகத்தின் நேரடிப் பொறுப்பு என்று டெண்டரிலேயே எழுத வேண்டும். அந்த வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் எடுக்கப்படுகிறது என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

கூழ் கெட்டுப்போகாமல் காக்க எத்தனையோ எண்களைக் குறித்து வைக்கிறார்கள். நம் ஆள் மூச்சு நிற்காமல் காக்க ஓர் எண்ணையும் சேர்த்துக் குறிக்கச் சொல்கிறோம். இது சலுகை கேட்பதல்ல, கணக்குக் கேட்பது.